ஜனவரியில் வாங்கிய காது

லைல் டெஷ் கடன் வைக்கத் தெரியாத மனிதர். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கண்ணாடித் தட்டில் ஏதாவது வந்தால், அந்தத் தட்டு அவர் வீட்டிலிருந்து காலியாகத் திரும்பியதில்லை. அந்த ஊரில் எல்லோருக்கும் உள்ள வழக்கம்தான் அது. ஆனால் மற்றவர்கள் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்து, ஞாபகம் வந்தபோது நாலு பிஸ்கட்டைப் போட்டுக் கொடுப்பார்கள். லைல் மறுநாளே கொடுத்துவிடுவார், அதுவும் வந்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாக. எதிர்வீட்டு மெர்வின் ஒரு குளிர்காலத்தில் தன் வாசல் பனியைத் தள்ளும்போது போகிற போக்கில் லைல் வீட்டு வாசலையும் தள்ளிவிட்டார். அடுத்த பனிக்கு லைல் விடியுமுன்பே எழுந்து போய் மெர்வின் வீட்டு வாசல், நடைபாதை, தபால்பெட்டியடி எல்லாவற்றையும் வழித்து வைத்துவிட்டார்.

"ஒரு சின்ன உதவி செய்யக்கூட விட மாட்டேங்கிறியேப்பா, இதென்ன போட்டியா?" என்று மெர்வின் கேட்டார்.

லைலுக்கு அது கேட்கவில்லை. சிரித்துத் தலையாட்டினார்.

இதை நல்ல குணம் என்று ஊரில் சொல்வார்கள். ஊர் சொல்லும், ஊருக்கென்ன, கூடக் குடித்தனம் செய்தால்தானே தெரியும்.

விஸ்கான்சினில் அந்தச் சின்ன ஊருக்கு ஒரு ஆறு, இரண்டு சர்ச்சுகள், மூன்று மதுக்கடைகள், ஒரு கதவுத் தொழிற்சாலை. பள்ளிப்படிப்பு முடிந்த கோடையில் லைல் தொழிற்சாலைக்குள் போனார். பெரிய ரம்பத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். அந்தக் காலத்தில் காதுக்கு எதையும் வைத்துக்கொள்வது ஆண்பிள்ளைத்தனமில்லை என்று ஒரு எண்ணம் இருந்தது. பிறகு கம்பெனியே நுரை அடைப்பான்களை டப்பா டப்பாவாக வாங்கிச் சுவரில் மாட்டியது. மாட்டும்போது காதில் போவதற்கு அதிகம் மிச்சமில்லை.

கேட்காததை அவர் யாரிடமும் சொன்னதில்லை. வெள்ளிக்கிழமை மீன் வறுவல் விருந்தில் மற்றவர்கள் சிரிக்கும்போது தானும் சிரிப்பார். யாராவது முகத்தைப் பார்த்து ஏதாவது கேட்டால் ஆமாம் என்று தலையாட்டுவார். இப்படித் தலையாட்டியே சர்ச்சின் அப்பம் சுடும் காலை விருந்துக்கு வருஷா வருஷம் பொறுப்பாளர் ஆனார். எதற்காகத் தன்னை இவ்வளவு நம்புகிறார்கள் என்று அவருக்கே ஆச்சரியம்.

வீட்டில் தலையாட்டினால் நடக்குமா? அவர் மனைவி ஆர்லிஸ் இயல்பிலேயே மெதுவாகப் பேசுகிறவள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சர்ச் பாடகர் குழுவில் சின்ன வயதிலிருந்து பாடுகிறாள். குரலுக்காக ஊரில் அவளுக்கு ஒரு மரியாதை உண்டு. அந்தக் குரலை வைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குள் கத்திக்கொண்டிருந்தாள். உப்பு வேண்டுமா என்று கேட்பதற்கும் கத்தல், மழை வருகிறது என்பதற்கும் கத்தல்.

ஒரு அக்டோபர் மாதம் அவள் நிறுத்திவிட்டாள். நிறுத்துமுன் கடைசியாக ஒருமுறை நன்றாகக் கத்தினாள்.

"மூலத்துக்கு மருந்து போட்டியான்னு உன்னைக் கேட்டா, எதிர்வீட்டு மெர்வின் எனக்குப் போன் பண்ணி 'நான் போட்டுட்டேன், லைல் போட்டானா'ன்னு சிரிக்கிறான்! போதும் லைல். இனிமே கத்த மாட்டேன். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாள்ல ஒரு புதன்கிழமை எனக்குத் தனிப்பாட்டு குடுத்திருக்காங்க. இதுதான் கடைசி. மேல் சுருதி இப்பவே பிடிபட மாட்டேங்குது, அடுத்த வருஷத்துக்கு இருக்காது. இருக்கிற தொண்டையை உனக்குக் கத்தியே தீக்க முடியாது."

இந்த முறை எல்லாம் கேட்டது.

"நீ வந்து உக்காந்து கேக்கணும்னு எனக்கு ஆசை" என்றாள், கொஞ்சம் தணிந்து. அது கேட்கவில்லை. ஆனால் உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

அதற்குப் பிறகு குளிர்பெட்டிக் கதவில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டப்பட்டது. 'பால் வாங்கு.' 'உன் அக்கா கூப்பிட்டாள்.' நாற்பது வருஷத்துக்கு மேல் கூடப் படுத்து எழுந்தவள் பலகையில் எழுதிவிட்டுப் போவது லைலுக்கு என்னவோ செய்தது. முதலில் கோபம் வந்தது, பிறகு பயம் வந்தது. பேச்சே நின்றுபோன வீடுகளை அவர் பார்த்திருக்கிறார்.

காது மெஷின் விலை விசாரித்தார். இரண்டு காதுக்கும் சேர்த்து மூவாயிரம் டாலருக்குச் சொன்னார்கள். அவருடைய காப்பீட்டில் காது வராது. காதும் பல்லும் கண்ணும் உடம்பைச் சேர்ந்தவை அல்ல என்று காப்பீட்டுக்காரர்கள் எப்போதோ தீர்மானித்துவிட்டார்கள். போன குளிருக்கு வீட்டைச் சூடேற்றும் உலை வெடித்துச் சேமிப்பில் பாதியைத் தின்றிருந்தது. கடனுக்கு வாங்கலாம். லைல் டெஷ், கடனுக்கு!

நவம்பரில் தொழிற்சாலைச் சாப்பாட்டுக்கூடத்தில் கம்பெனிக்காரர்கள் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த வருஷத்துக்கு யாருக்கு எந்தக் காப்பீடு, எந்தக் கணக்கு என்று எழுதிக் கொடுக்கவேண்டிய வாரம் அது. துரதிர்ஷ்டவசமாக மான் வேட்டை தொடங்குவதும் அதே வாரம். ஆண்கள் முக்கால்வாசிப் பேர் தாளைப் படிக்காமல் போன வருஷத்து மாதிரியே கையெழுத்துப் போட்டுவிட்டுத் துப்பாக்கி துடைக்கப் போய்விடுவார்கள்.

லைலை மடக்கிப் பிடித்தவள் ரெனே. மதியத்துக்கு மேல் தொடங்கி இரவு முடியும் அதே இரண்டாம் ஷிப்டில், அவருக்கு அடுத்த இடத்தில் கதவுக்குப் பசை போடுகிறவள். இரண்டு பிள்ளைகள், புருஷன் பிரிந்து போய்விட்டான். சட்டம், சலுகை, கழிவு என்றால் அவளுக்கு விரல்நுனியில் இருக்கும். இல்லாவிட்டால் அந்தச் சம்பளத்தில் காலம் தள்ள முடியாது.

"லைல்! உடம்புக் கணக்கு எழுதினியா?" மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்தினாள்.

வரி பிடிக்கும் முன்பே சம்பளத்திலிருந்து ஒதுக்கி வைக்கும் கணக்கில் இரண்டு வகை உண்டு. மருந்து, மருத்துவர், மூக்குக் கண்ணாடி போன்றவற்றுக்கு ஒன்று. வேலைக்குப் போகும் நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தால் அதற்கு ஒன்று. கதவுத் தொழிற்சாலையில் இவற்றின் முழுப் பெயரை யாரும் சொல்வதில்லை. உடம்புக் கணக்கு, பிள்ளைக் கணக்கு.

"நான் அதெல்லாம் வச்சுக்கறதில்லை" என்றார் லைல்.

"வச்சுக்கோ. வருஷத்துக்கு மூவாயிரம்னு எழுது. சம்பளத்துக்குச் சம்பளம் கொஞ்சம் கொஞ்சமாப் பிடிப்பாங்க. ஆனா ஜனவரி முதல் தேதியே முழுசும் உனக்கு ரெடியா இருக்கும். அன்னிக்கே எடுத்துச் செலவு பண்ணலாம்."

"போடாத பணத்தை எப்படி எடுக்கறது?"

"அதான் சட்டம்! என் பிள்ளைக் கணக்குல அந்தச் சலுகை கிடையாது. எவ்வளவு போட்டேனோ அவ்வளவுதான் வரும். பிள்ளைகளைப் பாத்துக்கிற அம்மா வாரம் பொறந்தா கையை நீட்டுவா, கணக்கு ஆடி அசைஞ்சு பின்னால வரும். உடம்புக் கணக்கு அப்படியில்லை. ஜனவரியில காதை வாங்கு. மாசக் கடைசில வேலையை விட்டுட்டுக் கிளம்பு. நீதான் ஓய்வு வாங்கணும்னு பேசிட்டிருக்கியே."

"மிச்சப் பணம்?"

"மிச்சம் கம்பெனி தலையில. உன்னைக் கேக்க முடியாது. கேக்கக்கூடாது."

லைல் ரொட்டியைக் கீழே வைத்தார். "அதுக்குப் பேரு திருட்டு."

"ஆமாமா, திருட்டு. போன வருஷம் என் பல்லுக்குன்னு போட்டு வச்சேன், டிசம்பருக்குள்ள செலவாகல. மிச்சத்தைக் கம்பெனி எடுத்துக்கிச்சு. என்னைக் கூப்பிட்டு 'ரெனே, இந்தா உன் பணம்'னு யாரும் குடுக்கலயே! அது மட்டும் என்ன, காணிக்கையா?"

அவள் சொன்னதில் பொய் இல்லை. வருஷம் முடிவதற்குள் செலவழிக்காத பணம் போய்விடும் என்பதால் டிசம்பர் கடைசியில் ஊர் மருந்துக்கடையில் கூட்டம் அலைமோதும். வெளியே முழங்கால் அளவு பனி கிடக்கும். உள்ளே வெயிலுக்குப் பூசும் களிம்பு ஒரு குழாய் மிச்சமில்லாமல் விற்றுத் தீரும். மெர்வின் மனைவி வீட்டில் ஒரு படைக்கு ஆகும் அளவுக்குக் காயத்துணி இருக்கிறது.

லைல் அன்று எழுதிக் கொடுத்தார். இரவு வீட்டுக்கு வந்ததும் பலகையில் பெரிய எழுத்தில் எழுதினார்: 'ஜனவரியில் காது. ஜனவரி முடிவில் ஓய்வு.' ஆர்லிஸ் அதைப் படித்துவிட்டு, துடைக்காமல் அப்படியே விட்டுவைத்தாள். பாலும் முட்டையும் அதற்குக் கீழே இடுக்கி எழுதப்பட்டன.

ஜனவரி இரண்டாம் வாரம் காது வந்தது.

முதல் நாள் அவர் ஆடிப்போய்விட்டார். குளிர்பெட்டி உறுமியது. பூட்ஸுக்கடியில் பனி நொறுங்கியது. அவருடைய கால்சட்டையே நடக்கும்போது ஏதோ பேசியது. சாப்பாட்டு மேஜையில் உருளைக்கிழங்கும் பன்றிக்கறியும் வைத்துவிட்டு ஆர்லிஸ் முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவினாள். கழுவிக்கொண்டே, வழக்கம்போல, தனக்குத்தானே முணுமுணுத்தாள்.

"மெல்லறதைப் பாரு. பசுமாடு தேவலாம். வாயை மூடி மெல்லத் தெரியாத ஆளுக்கு நான் வாக்கப்பட்டு…"

"மூடிட்டுத்தான் மெல்றேன்" என்றார் லைல்.

கரண்டி தொட்டியில் விழுந்தது. அந்தச் சத்தமும் கேட்டது.

"எவ்வளவு வருஷமா இப்படிப் பேசிட்டிருக்கே?"

"உனக்குக் காது போன நாளா" என்றாள் ஆர்லிஸ். சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். அவரும் சிரித்தார். அந்த வீட்டில் ரொம்ப நாளைக்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே விஷயத்துக்குச் சிரித்தார்கள். அன்று இரண்டு பேரும் மேஜையை விட்டு எழவில்லை. அவள் மெதுவாகப் பேசினாள், அவர் பதில் சொன்னார், அவ்வளவுதான். பலகை அடுத்த நாள் குப்பைக்குப் போனது.

கதையை இங்கேயே நிறுத்தியிருந்தால் லைல் பிழைத்திருப்பார். ஆனால் ஜனவரிச் சம்பளச் சீட்டு வந்தது. உடம்புக் கணக்குக்கு என்று அதில் பிடித்திருந்த தொகை சின்னத் தொகை. இன்னும் கட்டவேண்டியது மலை மாதிரி இருந்தது. அந்தச் சீட்டை அவர் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். காதில் போட்டிருப்பது இன்னும் தன்னுடையதில்லை என்ற எண்ணம் வந்துவிட்டது. கண்ணாடித் தட்டு மாதிரி, ஆனால் மறுநாள் திருப்பிக் கொடுக்க முடியாத தட்டு.

மாதக் கடைசியில் அவர் ராஜினாமாக் கடிதம் கொடுக்கவில்லை.

"டிசம்பர் வரைக்கும் போயிட்டு வந்துடறேன்" என்று ஆர்லிஸிடம் சொன்னார். "கட்டி முடிச்சுட்டு நிம்மதியா வந்து உக்கார்றேன்."

ஆர்லிஸ் கையிலிருந்த துணியை மடித்தாள். "டிசம்பரா?"

"பதினோரு மாசம் ஓடிப்போயிடும்."

"அந்தத் தொழிற்சாலை உன் காதைத் தின்னுச்சு லைல். தின்னதுல கொஞ்சத்தைக் கக்கிட்டுதுன்னு வச்சுக்கயேன். அவ்வளவு பெரிய பாவமா?"

"சம்பளம் குடுத்தாங்களே."

"சம்பளம் கைக்குக் குடுத்தாங்க. காதுக்குன்னு தனியாக் குடுத்தாங்களா?"

லைலுக்கு அது நியாயமாகப் படவில்லை, அவ்வளவுதான்.

"என் பாட்டு மார்ச் முதல் புதன்கிழமை" என்றாள். "நீ புதன்கிழமை வேலையில இருப்பே."

"லீவு கேக்கறேன்."

கேட்கவும் செய்தார். ஷிப்ட் மேற்பார்வையாளன் கர்ட் தலையைச் சொறிந்தான். "ரெண்டு பேர் முதுகுவலின்னு படுத்திருக்காங்க லைல். உன்னையும் விட்டா ரம்பத்துல நானா நிக்கறது? வராம இருந்தா ஒரு புள்ளி விழும், வேற ஒண்ணுமில்லை. உன் கார்டுல ஒரு புள்ளி விழுந்தா ஆகாசமா இடிஞ்சு விழுந்துடும்? போய்ப் பாட்டைக் கேளேன்."

சொல்லாமல் கொள்ளாமல் வராமல் இருந்தால் ஒரு புள்ளி. ஐந்து சேர்ந்தால் கூப்பிட்டுக் கேட்பார்கள். ரெனேயிடம் மூன்று இருந்தது, கர்ட்டிடமே ஒன்று இருந்தது. லைலின் கார்டு வேலைக்குச் சேர்ந்த நாள் மாதிரி வெறுமையாக இருந்தது. அதைப் பற்றி அவருக்கு உள்ளூர ஒரு கர்வம். கர்வம் என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார்.

"புள்ளி வாங்கிக்கோ" என்றாள் ரெனே. "நான் வேணா என்னோடதுல ஒண்ணைத் தர்றேன்."

"ஒரு பாட்டுதானே. வீட்டுல பாடச் சொல்லிக் கேட்டுக்கறேன்" என்றார் லைல்.

ரெனே பசைத் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். "காதை வாங்கினியே, மூளைக்கும் அந்தக் கணக்குல ஏதாவது தர்றாங்களான்னு கேட்டிருக்கலாம்."

அந்தப் புதன்கிழமை அவர் வேலைக்குப் போனார். ரம்பத்துக்குப் பக்கத்தில் காது மெஷினைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு நுரை அடைப்பானைச் செருகிக்கொண்டார். சர்ச்சின் கீழ்த்தளத்தில் சூப் குடித்துவிட்டு ஜனங்கள் மேலே ஆராதனைக்கு ஏறிப்போகும் நேரம் அவருக்குத் தெரியும். அந்த நேரத்தில் ரம்பத்தில் ஒரு கதவு ஓடிக்கொண்டிருந்தது. கர்ட் வந்து ஏதோ சொன்னான். லைல் தலையாட்டினார்.

மறுநாள் காலையில் தபால்பெட்டியடியில் மெர்வின் பிடித்துக்கொண்டார்.

"எங்கேய்யா போயிட்டே நேத்து? உன் பொண்டாட்டி பாடினா பாரு! கடைசி வரியில குரல் கொஞ்சம் உடைஞ்சுது. உடைஞ்சதுதான்யா நல்லா இருந்துது. பாஸ்டர் எந்திரிச்சு நின்னாரு. என் பொண்டாட்டி அழுதுட்டா, அவளுக்கு வெங்காயம் உரிச்சாக்கூட வராது."

எல்லாம் கேட்டது, ஒரு சொல் விடாமல்.

யாரோ போனில் பதிவு செய்திருந்தார்கள். லைல் அதை வாங்கிக் காதோடு வைத்துக் கேட்டார். முன்வரிசையில் ஒரு குழந்தை இருமியது நன்றாகப் பதிவாகியிருந்தது. பின்னால் எங்கேயோ, தண்ணீருக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி, ஒரு பெண் பாடினாள். அது ஆர்லிஸ்தான் என்று சொன்னால் நம்பிக்கொள்ளலாம்.

ஆர்லிஸ் பாடகர் குழு அங்கியைத் துவைத்து இஸ்திரி போட்டு சர்ச் அலமாரியில் மாட்டிவிட்டு வந்துவிட்டாள். சண்டை போடவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள். முணுமுணுப்பதையும் விட்டுவிட்டாள். பலகை இல்லையே தவிர வீடு அக்டோபர் மாதிரி ஆகிவிட்டது. லைலுக்குத்தான் இப்போது அந்த அமைதி முழுதாகக் கேட்டது.

மார்ச் கடைசித் திங்கட்கிழமை ஷிப்ட் தொடங்குமுன் எல்லோரையும் சாப்பாட்டுக்கூடத்துக்கு வரச் சொன்னார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். நல்ல கோட்டு, ஈரமான காலணி. கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு மெதுவான குரலில் படித்தார். முன்பென்றால் லைல் பின்வரிசையில் நின்று, மற்றவர்கள் முகம் போகிற போக்கைப் பார்த்துத் தானும் முகத்தை மாற்றிக்கொண்டிருப்பார். இப்போது அவசியமில்லை. இரண்டாம் ஷிப்ட் நிறுத்தப்படுகிறது என்பது கேட்டது. வியாழக்கிழமையோடு சரி என்பது கேட்டது. அந்த மனிதர் கையில் தாள் சரசரப்பதும், பக்கத்தில் ரெனே மூச்சை இழுத்ததும் கேட்டது.

"உங்களோட விசுவாசத்துக்குக் கம்பெனி நன்றி சொல்லுது" என்று முடித்தார்.

"எங்கே சொல்லுது? தாள்தான் சொல்லுது" என்றாள் ரெனே. உரக்கத்தான் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை ஷிப்டைச் சீக்கிரமே முடித்து அனுப்பினார்கள். லைல் அலுவலக அறைக் கதவைத் தட்டினார். உள்ளே மாலரி என்ற இளம்பெண் இருந்தாள். வேலைக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருக்காது; அந்த வாரம் முழுக்க அழுதுவிட்டுப் போகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அவள் கண்ணும் வீங்கியிருந்தது. லைல் உட்கார்ந்து காசோலைப் புத்தகத்தை எடுத்தார்.

"உடம்புக் கணக்குல நான் இன்னும் கட்ட வேண்டியது எவ்வளவுன்னு சொல்லும்மா. எழுதித் தந்துடறேன்."

அவளுக்குப் புரியவில்லை. "எதுக்கு மிஸ்டர் டெஷ்?"

"காது வாங்கினேனே. முழுசும் எடுத்துட்டேன், கால்வாசிதான் கட்டியிருக்கேன்."

"அதை நீங்க கட்ட வேண்டாமே."

"வேண்டாம்னு தெரியும். நான் கட்டறேன்."

மாலரி திரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், யாருக்கோ போன் செய்து தணிந்த குரலில் கேட்டாள். லைலுக்கு அந்தப் பக்கத்துக் குரல்கூடக் கேட்டது. எரிச்சலான குரல். போனை வைத்துவிட்டு அவள், "வாங்க முடியாதுங்க" என்றாள். "கேக்கவே கூடாதுன்னு சட்டம். நீங்களாக் குடுத்தாலும் அதை வாங்கி எங்க போடறதுன்னு யாருக்கும் தெரியல. அதுக்குன்னு ஒரு இடமே இல்லையாம்."

"யார்கிட்டயாவது குடுக்கணும் இல்லையா?"

"யாருமே இல்லைங்க. காப்பீடு மாதிரிதான் அது. கம்பெனி எப்பவோ கணக்குல எழுதித் தள்ளியிருக்கும். சில பேர் மிச்சம் வச்சுட்டுப் போவாங்க, சில பேர் கூட எடுத்துட்டுப் போவாங்க. சரிக்குச் சரியாயிடும்."

லைல் பேனாவை மூடினார். "நான் ஜனவரி கடைசிலயே போயிருந்தா?"

"இதேதான்."

"காது?"

"உங்களோடதுதான்." பிறகு அவர் முகத்தைப் பார்த்து, ஏன் என்று தெரியாமலே, "மன்னிச்சுக்குங்க" என்றாள்.

அவர் எழுந்து வெளியே வந்தார். அவமானமாக இருந்தது. கடன் என்றால் எதிரில் கொடுத்தவன் ஒருவன் இருக்கவேண்டும். இருக்கிறான் என்று நினைத்துத்தான் அவர் ஜனவரியிலிருந்து தினமும் அவனுக்காக எழுந்து வந்திருக்கிறார். இப்போது பார்த்தால் நாற்காலி காலி. அந்தக் காலி நாற்காலிக்கு முன்னால் அவர் ஒரு புதன்கிழமையைக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்.

வண்டி நிறுத்துமிடத்தில் ரெனே தன் சாமான்களைப் பின்சீட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவருக்கு அவளைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

"நீ சொன்னே" என்றார்.

"சொன்னேன். எனக்கு மட்டும் என்ன ஆச்சு? சட்டம் தெரிஞ்சவளும் சட்டம் தெரியாதவனும் ஒரே நாள்ல வீட்டுக்குப் போறோம்." கதவைச் சாத்தினாள். "போ, ஆர்லிஸைப் போய்ப் பாரு."

வீட்டில் ஆர்லிஸ் சன்னலோரம் நின்று காரட் சீவிக்கொண்டிருந்தாள். வெளியே பனி உருகிக் கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. லைல் கோட்டைக் கழற்றாமல் மேஜையில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார். காசோலையை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை என்பதையும் சொன்னார். ஜனவரியில் போயிருந்தாலும் இதேதான் என்பதை மட்டும் கொஞ்சம் தயங்கிச் சொன்னார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கத்தி பலகையில் தாளம் தப்பாமல் நடந்தது.

"ஒரு தடவை பாடேன் ஆர்லிஸ்" என்றார். "இப்ப. இங்கயே."

கத்தி நின்றது.

"முடியாது" என்றாள். "அன்னிக்கே முடிஞ்சு போச்சு. அந்தச் சுருதி திரும்பி வரல. வீட்டுல ரெண்டு தடவை தனியா முயற்சி பண்ணிப் பாத்தேன்."

அவருக்கு அது தெரியாது. தான் வேலையில் இருந்தபோது அவள் முயற்சி செய்திருக்கிறாள். லைல் காசோலைப் புத்தகத்தை எடுத்துத் திறந்தார், எதற்கென்று தெரியாமல் மூடினார். கையில் கிடைத்த கடனையெல்லாம் அன்றன்றைக்கே திருப்பிப் பழகிய கை அது.

ஆர்லிஸ் முதுகைக் காட்டியபடியே மறுபடியும் காரட்டை எடுத்தாள். பிறகு தாழ்ந்த குரலில், முன்பெல்லாம் அவருக்குக் கேட்காது என்று நினைத்து முணுமுணுக்கும் அதே குரலில், பேசினாள்.

"அதை உள்ள வை. கம்பெனிக்கு நீ ஒண்ணும் தர வேண்டியதில்லை. தர வேண்டியது எனக்கு. அதுக்குச் செக் எழுத முடியாது, டிசம்பர் வரைக்கும் வேலைக்குப் போயும் தீராது. நீ கடனோடவேதான் இருக்கணும், கழுதை."

"கேக்குது" என்றார் லைல்.

"கேக்கணும்னுதான் சொன்னேன். கோட்டைக் கழட்டிட்டு வந்து இந்த வெங்காயத்தை உரி."